மாமனார் உட்கார்ந்திருந்த வகுப்பு

போன வாரம் நீங்கள் ஒவ்வொருவரும் எடுத்த மாதிரி வகுப்பைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் எடுத்தீர்கள். சட்டையெல்லாம் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒருவர் திரையில் படம் படமாக ஓட்டினார். மோட்டாருக்குள் காந்தப்புலம் சுற்றுவதைக்கூட அனிமேஷனில் காட்டினார். நானே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இன்னொருவர், பெயர் சொல்ல மாட்டேன், நரைத்த மீசையோடு உட்கார்ந்திருந்த மனிதர்களைப் பார்த்து, "பசங்களா, இங்க கவனிங்க" என்றார். மீசைக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிங்க சார்" என்றார்கள். நம் பக்கத்து ஆட்கள் அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்கள்.

வகுப்பு முடியும்போது நீங்கள் அத்தனை பேரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "எல்லாருக்கும் புரிஞ்சுதுங்களா?" அவர்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "புரிஞ்சுதுங்க." உடனே நீங்கள் போர்டை அழித்துவிட்டுக் கேன்டீனுக்குப் போய்விட்டீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தப் பயிற்சி மையத்தில் முதலில் எலக்ட்ரீஷியன் வகுப்பு எடுத்தவள் நான். பிறகு உங்களைப் போல வகுப்பெடுக்க வருகிறவர்களைத் தயார்செய்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். "புரிஞ்சுதுங்க" என்ற வார்த்தையைக் கேட்ட அளவுக்கு நான் என் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் உங்களுக்குத் தெரிந்துவிடும். கொட்டாவி விடும், பக்கத்துப் பையனைக் கிள்ளும். நம்மிடம் வருகிறவர்களுக்கு வயது நாற்பது, ஐம்பது. மில் மூடி வேலை போனவர், தோட்டம் வைத்திருப்பவர், பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஒரு தொழில் கற்க வந்த அம்மணி. அவர்களுக்கு ஊரில் ஒரு பேர் இருக்கிறது, வீட்டில் ஒரு அதிகாரம் இருக்கிறது. அதையெல்லாம் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வர முடியாது. பாடத்தைத் தயார்செய்ய உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிரே உட்காரப் போகிறவர்களுக்காகத் தயாராவது எப்படி என்றுதான் ஒரு கதை சொல்லப் போகிறேன். பேனாவை மூடி வையுங்கள், இதில் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை.

கதிர்வேல் என்று ஒருவர். பெருந்துறையில் ஒரு நெசவு ஆலையில் பராமரிப்பு எலக்ட்ரீஷியனாக இருந்தார். தொழிலில் கெட்டிக்காரர். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அவருக்கு இனியா என்று ஒரே பெண் குழந்தை. பிறவியிலேயே காது கேட்காது. காதில் கருவி பொருத்தியாகிவிட்டது. இனி கோயமுத்தூரில் தினமும் பேச்சுப் பயிற்சி கொடுக்க வேண்டும், அப்பா அம்மா இரண்டு பேரும் கூடவே இருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மனைவியும் குழந்தையும் காரமடைப் பக்கம் மாமனார் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். கதிர்வேல் மட்டும் பெருந்துறையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவார். "குழந்தை அம்மா, தாத்தான்னு சொல்லுது டீச்சர். அப்பான்னு சொல்ல நான் ஊட்டுல இருந்தாத்தானுங்களே?" என்று என்னிடம் சொன்னார்.

அதற்காகத்தான் மாமனார் வீட்டில் தங்கிக்கொண்டு, இங்கே பயிற்றுநர் வேலைக்கு வந்தார். வேலை தற்காலிகம். பம்ப்செட் மோட்டாரும் ஸ்டார்ட்டரும் பழுது பார்க்கிற ஒரு பேட்ச்சுக்கு அவர் பாடம் நடத்த வேண்டும். கடைசியில் வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து, கற்றவர்களைச் சோதித்துப் பார்ப்பார். அவர்கள் தேறினால் கதிர்வேலுக்கு வேலை நிரந்தரம். தேறாவிட்டால் பழையபடி பெருந்துறை பஸ். ஆலையில் அதுவரைக்கும்தான் விடுப்புக் கொடுத்திருந்தார்கள்.

பேட்ச்சுக்கு ஆள் சேரவில்லை. பெரியவர்கள் படிப்புக்குச் சுலபத்தில் வருவார்களா? ஆள் குறைந்தால் பேட்ச்சே கிடையாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கதிர்வேல் இதை வீட்டில் சொன்னாரோ, முகத்தைப் பார்த்து அவர்களே தெரிந்துகொண்டார்களோ, வகுப்பு தொடங்குகிற நாள் காலையில் நம் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. முதலில் இறங்கியவர் கதிர்வேலின் மாமனார் ரங்கசாமி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பின்னாலேயே அவர் தம்பி, அதாவது சின்ன மாமனார். அப்புறம் மச்சான்மார், பங்காளிகள். மாப்பிள்ளையின் வகுப்புக்கு ஆள் பத்தவில்லை என்று சொந்தபந்தம், ஒறம்பரை மொத்தத்தையும் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார் மனுஷன்.

வகுப்புக் கதவைத் திறந்த கதிர்வேலுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "வாங்க மாமா" என்று கை தானாகக் கூப்பிக்கொண்டது. தனக்கு என்று போட்டிருந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் மாமனாருக்குப் போட்டார். மாமனார் உட்காரவில்லை. மாப்பிள்ளை நிற்கும்போது அவர் எப்படி உட்காருவார்?

"நீங்க உக்காருங்க மாப்ளே."

"இல்லீங்க மாமா, நீங்க உக்காருங்க."

"அது எப்படீங்க? நீங்க உக்காருங்க, பொறவு நாங்க உக்கார்றோம்."

முதல் நாள் பாதி வகுப்பு இப்படியே போனது. நான் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, சிரிப்புத் தாங்காமல் அலுவலகத்துக்குள் போய்விட்டேன்.

சில வாரம் கழித்து ஒருநாள் அந்த வகுப்பில் பின்னால் போய் உட்கார்ந்தேன். கதிர்வேலின் பாடம் கச்சிதமாக இருந்தது. மாமனார் உட்கார வேண்டுமே என்று தானும் உட்கார்ந்தபடியே ஸ்டார்ட்டர் பெட்டியைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார். பச்சைப் பட்டனை அமுக்கினால் மோட்டார் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். ஆனால் நிற்பது மோட்டார்தான். பெட்டிக்குள் வந்து சேர்கிற மின்சாரம் அப்படியே இருக்கும். பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, மின்சாரம் இருந்தால் எரிகிற டெஸ்ட் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இதைவிடத் தெளிவாக நான்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லி முடித்துவிட்டு, "புரிஞ்சுதுங்களா மாமா?" என்றார்.

"புரிஞ்சுதுங்க மாப்ளே" என்று ரங்கசாமி தலையாட்டினார். அவர் ஆட்டியதும் தம்பி ஆட்டினார். தம்பி ஆட்டியதும் வரிசையாக எல்லாரும் ஆட்டினார்கள். ஒரு வகுப்பு நிறையப் பூம்பூம் மாடு. நான் எழுந்து ஒருவரிடம் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். அவர் பெரியவர் முகத்தைப் பார்த்தார். பெரியவர் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையே பதிலையும் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு மதியம் கதிர்வேலைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"கதிரு, உங்களுக்குப் புடிக்காத காய் எது?"

"சொரக்காய்ங்க டீச்சர்."

"மாமியார் ஊட்டுல அதைக் கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "நேத்துங்க."

கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போனபோது மாமியார் சுரைக்காய்ப் பொரியல் வைத்திருக்கிறார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு இவர், "அருமைங்க அத்தை" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அன்று தொடங்கி மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று தோட்டத்தில் சுரைக்கொடி போட்டு, பந்தல் கட்டி, வாரம் தவறாமல் சமைக்கிறார்கள். இவரும் வருஷக்கணக்காகத் தின்றுகொண்டிருக்கிறார்.

"உங்க மாமனாரும் அப்படித்தான் உங்க பாடத்தைத் திங்கறாரு" என்றேன். "அவருக்கு அது செமிக்கல. செமிக்கலைன்னு சொன்னா மாப்ளைக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலைன்னு ஆயிருமேன்னு வாயை மூடிக்கிட்டு இருக்காரு. இனிமே 'புரிஞ்சுதுங்களா'ன்னு கேக்காதீங்க. செஞ்சு காட்டச் சொல்லுங்க. தப்பா செஞ்சா அங்கயே நிறுத்திச் சொல்லுங்க. நாஞ் சொல்றது புரியுதுங்களா?"

"புரியுதுங்க டீச்சர்" என்றார். நானும் நம்பினேன் பாருங்கள்.

மறுநாள் கதிர்வேல் மாமனாரைச் செய்து காட்டச் சொன்னாராம். எப்படிச் சொன்னார் தெரியுமா? "மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்குச் சிரமம் இல்லீன்னா, நேரம் இருந்தா, சித்தெ இதைச் செஞ்சு பாக்கறீங்களா? இல்லீன்னாலும் பரவாயில்லீங்க." மாமனார் பெருந்தன்மையாக, "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும் மாப்ளே, அதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது" என்று சொல்லிவிட்டார். பாடம் அப்படியே அடுத்த தலைப்புக்கு நகர்ந்துவிட்டது.

மதிப்பீட்டு நாள் வந்தது. மதிப்பீட்டாளர் தெற்கத்திக்காரர். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கும். காலையில் எழுத்துக் கேள்விகள் முடிந்ததும் பட்டறையில் செய்முறை. சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி, மேலே மெயின் சுவிட்ச், கீழே மோட்டார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குறை சொல்வார், பெட்டியைத் திறந்து அதைச் சரிசெய்ய வேண்டும். தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். பயிற்றுநர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் அந்த ஆளுக்கு உதவி செய்ததாகக் கணக்கு. அது பயிற்றுநர் பேரில்தான் ஏறும்.

முதலில் வந்தவர் ரங்கசாமிதான். ஒறம்பரையில் பெரியவர், வேறு யார் முதலில் போவார்கள்? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார். மதிப்பீட்டாளர் குறையைச் சொல்லிவிட்டு எழுதக் குனிந்தார். ரங்கசாமி கம்பீரமாகச் சிவப்புப் பட்டனை அமுக்கினார். மோட்டார் நின்றது. அவ்வளவுதான். மெயின் சுவிட்சை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றி மூடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, வலது கையைப் பெட்டிக்குள் கொண்டு போனார்.

நான் தூரத்தில் இருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் கதிர்வேல் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து, மாமனார் கையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பட்டறை முழுக்கக் கேட்டது.

"கையை எடு! சாகப் போறியா?"

மாமனாரைப் பார்த்து. பங்காளிகள் அத்தனை பேருக்கும் முன்னால்.

ரங்கசாமி சிவந்துபோன கையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். மதிப்பீட்டாளர் நிமிர்ந்து, "என்னய்யா நடக்கு இங்க? நீரு ஏன் கோட்டுக்கு உள்ள நிக்கீரு?" என்றார்.

கதிர்வேல் என்னிடம் வந்து, "டீச்சர், வேலை போனாப் போகுதுங்க. நான் எந்த மூஞ்சியோட அந்த ஊட்டுக்குப் போவேன்? போயிக் கால்ல உழுந்துட்டு வாரேனுங்க" என்றார். சின்ன மாமனாரும் பக்கத்தில் வந்து, "அதுதானுங்க மொறை மாப்ளே. அண்ணன் பெரிய மனசுக்காரரு, போயி ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க" என்றார்.

நம் ஊர் வழக்கப்படி அவர் சொன்னதுதான் சரி. நானும் இந்த ஊர்க்காரிதான். என் வீட்டில் இப்படி நடந்திருந்தால் முதல் ஆளாக நானே போய்க் கும்பிட்டிருப்பேன். ஆனால் பட்டறையில் நிற்கிறபோது அந்த வழக்கம் செல்லாது என்று எனக்குப் பட்டது. கதிர்வேலின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மன்னிப்புக் கேக்காதீங்க. நீங்க கேட்டீங்கன்னா அடிச்சது தப்புன்னு ஆயிரும். இங்க நிக்கற அத்தனை பேரும் அதைத்தான் கத்துக்கிட்டுப் போவாங்க. நாளைக்கு இதுல ஒருத்தரு பெட்டிக்குள்ள கையை உட்டா, பக்கத்துல இருக்கறவரு மரியாதை பாத்துக்கிட்டு நிப்பாரு. டெஸ்ட் வெளக்கை எடுங்க. எதுக்கு அடிச்சீங்கன்னு காட்டுங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் போனார். விளக்கை எடுத்தார். திறந்திருந்த பெட்டிக்குள், மாமனார் கை வைக்கப் போன அதே இடத்தில் வைத்தார். மோட்டார் நின்றுகிடந்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ரங்கசாமி வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். போகிறவர் எதற்குத் திரும்பினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பினார், எரிகிற விளக்கைப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"மாப்ளே, செவப்புப் பட்டனை அமுத்தியாச்சுல்லீங்க. அப்பறம் எப்படீங்க எரியுது?"

"மெயினை எறக்கலீங்க மாமா."

"நம்ம தோட்டத்து மோட்டார் ரூம்புல பெட்டியைத் தொறக்கற வேலைன்னா நீங்க இருக்கற நாள்லதானுங்க வெச்சுக்கறேன், எப்பவும் செவப்பை அமுத்திட்டுத்தான் தொறக்கறேன். நீங்களும் பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்க. ஒரு நாளும் ஒண்ணும் ஆகலையே?"

கதிர்வேல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க பெட்டிக்கிட்ட போகும்போதெல்லாம் நான் வெளிய போயி மெயினை எறக்கி உட்டுருவேனுங்க மாமா. நீங்க மூடினதும் ஏத்தி உட்டுருவேன். உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல வாய் வரலீங்க."

எப்பேர்ப்பட்ட மரியாதை பாருங்கள்! மாமனார் முகம் வாடக் கூடாது என்று, சிவப்புப் பட்டனை அமுக்கினால் போதும் என்கிற பாடத்தைத் தோட்டத்தில் அவரே திரும்பத் திரும்ப நடத்தியிருக்கிறார். இங்கே வகுப்பில் வேறு பாடம் நடத்தியிருக்கிறார். பெரியவர் எதை நம்புவார்? கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினார்.

ரங்கசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன் வரிசையில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மாப்பிள்ளை நிற்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கு ஒண்ணுமே புரியலீங்க மாப்ளே. மொதல்ல இருந்து சொல்லிக்குடுங்க."

சின்ன மாமனார் தொண்டையைக் கனைத்தார். "அண்ணனே சொன்னதுக்கப்பறம் எனக்கென்னங்க. எனக்குந்தான் புரியல." மச்சான்காரர், "அந்த மூணு வயரு எங்க போகுதுன்னே இன்னும் தெரியலீங்க" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "எனக்கு மொத நாள்ல இருந்தே புரியலீங்க" என்று பெருமையாகவே சொன்னார். அடக் கடவுளே! வாரக்கணக்கில் பூட்டி வைத்திருந்ததை எல்லாம் மதிப்பீட்டாளர் முன்னாலேயா கொட்ட வேண்டும்? கதிர்வேலின் வேலை என் கண் முன்னாலேயே பெருந்துறை பஸ் ஏறிக்கொண்டிருந்தது.

மதிப்பீட்டாளர் பேனாவை மூடினார். "என்ன மேடம், உங்க ஊர்ல தெரியாதுன்னு சொல்லுததுக்கு ஒரு ஆளு அடி வாங்கணுமோ?" என்று கேட்டார். ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கதிர்வேலைப் பார்த்தார். "சரி, நடத்தும். நானும் கேக்கேன்."

அன்றைக்குக் கதிர்வேல் நடத்தின வகுப்பைப் போல நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. ஒரு வாக்கியத்தை முடிக்க விடவில்லை. "ஏனுங்க அது? அப்படீன்னா இது எதுக்குங்க? இதைத் தொட்டா என்ன ஆகுமுங்க?" என்று குடைந்து எடுத்துவிட்டார்கள். அவரும் பயம் விட்டுப்போய், "இல்லீங்க மாமா, தப்பு, திருப்பிச் செய்யுங்க" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். வேலையே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவருக்கு என்ன பயம் இருக்கும்? மதிப்பீட்டாளர் மாலையில் கிளம்பும்போது, "இந்தப் பேட்ச் இன்னும் தயாராகல. தயாரானதும் சொல்லுங்க, வாரேன். அந்த வாத்தியாரை அதுவரைக்கும் எங்கேயும் அனுப்பிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தோற்றதாக அவர் யாரையும் எழுதவில்லை, கோட்டைத் தாண்டியதையும் கதிர்வேல் பேரில் ஏற்றவில்லை. ஆலையில் கெஞ்சிக் கூத்தாடி விடுப்பை நீட்டித்துக்கொண்டார் கதிர்வேல். அது கிடைக்கும்வரை அவர் பட்ட பாட்டை இங்கே சொன்னால் கேன்டீனில் டீ தீர்ந்துவிடும்.

இரண்டாவது தடவை மதிப்பீட்டாளர் வந்தபோது ரங்கசாமிதான் மறுபடியும் முதல் ஆள். போன உடனே மெயினை இறக்கினார். அதில் கையெழுத்துக் கோணலாக, "வேலை நடக்குது, தொடாதீங்க" என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டார். விளக்கு வைத்துப் பார்த்தார். மதிப்பீட்டாளர் கொஞ்சம் கிட்டே வந்து எட்டிப் பார்க்க, "அக்கட்டால தள்ளி நில்லுங்க சார்" என்றார். ஒறம்பரையில் ஒருவரைத் தவிர எல்லாரும் தேறினார்கள். தேறாதவர், மொத நாள்ல இருந்தே புரியலை என்று பெருமையாகச் சொன்னவர். கதிர்வேலுக்கு வேலை நிரந்தரமானது. துடியலூர்ப் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து மனைவி, குழந்தையோடு குடிவந்தார். நாளையிலிருந்து நீங்கள் யார் வகுப்பில் போய்ப் பின்னால் உட்காரப் போகிறீர்களோ, அந்தக் கதிர்வேல் சார்தான் இவர். அங்கே கதவுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார் பாருங்கள். இந்தக் கதையைச் சொல்ல வேண்டாம் என்று காலையிலிருந்து என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த வருஷம் இனியாவுக்குக் காதுகுத்து. கோயிலில் முடித்துவிட்டு, தோட்டத்துச் சாளை வீட்டில் விருந்து வைத்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். பந்தியில் என் இலைக்கு எதிரே இனியா உட்கார்ந்திருந்தாள். அவள் பாட்டி ஆசையாகச் சுரைக்காய்ப் பொரியலோடு வந்து, "அம்மணிக்குச் சித்தெ வெக்கட்டுங்களா?" என்று குனிந்தார்.

"வேண்டாம். புடிக்கல" என்றாள் இனியா, பந்திக்கே கேட்கிற மாதிரி. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெளிவாக விழுந்தது. பிறகு பக்கத்து இலையைக் காட்டி, "அப்பாவுக்கும் புடிக்காது" என்றாள். கதிர்வேல் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

ரங்கசாமி சாம்பார் வாளியோடு எங்கள் வரிசைக்கு வந்தார். எனக்குப் பக்கத்தில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது போல. மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"ஏனுங்க மாமா, உங்க மாப்ளை உங்க மேல கை வெச்சுட்டாருன்னு பேசிக்கறாங்களே, நெசமுங்களா?"

கதிர்வேலின் கை இலையிலேயே நின்றுவிட்டது. ரங்கசாமி வாளியைக் கீழே வைத்தார். வலது கையை அந்த மனிதரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நெசந்தானுங்க. என்ற மாப்ளை இந்தக் கையிலதான் அடிச்சாருங்க, நல்லா ஓங்கி அடிச்சாரு. அதனாலதான் இந்தக் கையில இன்னைக்கு உங்களுக்குச் சாம்பார் ஊத்தறேன். இன்னும் சித்தெ ஊத்தட்டுங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் நான் என் இலையை முன்னால் நகர்த்தி, "எனக்கு ஊத்துங்க" என்றேன்.